அக்கரை ஜன்னலில் விளக்கு

நவம்பர் கடைசியில் போகிற சூரியன் ஜனவரி வரைக்கும் தலைகாட்டாத ஊர் அது, நார்வேயின் வடகோடி. அங்கே யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு விளக்கு எரிந்தாக வேண்டும். எரியாவிட்டால் அக்கம்பக்கத்தார் போன் போட்டு விசாரிப்பார்கள்.

மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்க்கும் குன்வோருக்கு இருந்தது ஒரே ஓர் ஆசைதான். தீரில் என்ற ஐந்து வயது மகள் தன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேச வேண்டும். மாடு, ஆப்பிள், கப்பல் என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டிக் காட்டி அவளுக்கு அலுத்துவிட்டது. குழந்தை அட்டையைப் பார்த்தால்தானே. அதன் கண் எந்நேரமும் வீட்டுக்கு முன்னால் கிடந்த கடற்கழிக்கு அக்கரையில் எரியும் விளக்குகள் மேலேயே இருந்தது.

"அவளை உன் பக்கம் இழுக்காதே. அவ எங்க பாக்குறாளோ, நீ அங்க போய் உக்காரு," என்றாள் பேச்சுப் பயிற்சி தருகிற பெண்.

குன்வோர் அட்டைகளை விறகடுப்பில் போட்டாள். ஜன்னல் விளக்கின் சுவிட்சில் விரலை வைத்து, "விளக்கு..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திக் காத்திருந்தாள். சும்மா காத்திருப்பது அவள் சுபாவத்திலேயே கிடையாது, வாய் நமநமத்தது. ஒருநாள் மத்தியான இருட்டில், "போடு" என்றாள் தீரில். சுவிட்சைப் பார்த்துத்தான் சொன்னாள், அம்மாவை அல்ல. இருந்தும் குன்வோர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு அது விளையாட்டாகிவிட்டது. அம்மா ஒரு முறை, மகள் ஒரு முறை. ஒரு நாள் தீரில் விளக்கை இரண்டு தரம் போட்டு அணைத்தாள். அக்கரையில் இருண்டு கிடந்த ஒரு ஜன்னலில், விளக்கு இரண்டு தரம் எரிந்து அணைந்தது.

அது கிழவி யென்சினாவின் வீடு. யென்சினாவை அக்டோபரிலேயே புதைத்தாயிற்று. அதற்கு அடுத்த வீட்டுக்காரர் ஒட்வாரிடம்தான் சாவி இருந்தது; குன்வோர் அவருக்குப் போன் போட்டாள்.

"கரண்டைக் கட் பண்ணியே ரொம்ப நாளாச்சு. எலிதான் இருக்கும். ஏன், எலி உனக்கு டாட்டா காட்டுச்சா?" என்று அவர் சிரித்தார்.

ஆனாலும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து கூப்பிட்டார். இந்தத் தடவை சிரிப்பில்லை. "அங்க விளக்கே இல்ல, குன்வோர். அவங்க விளக்கு என் வீட்டுலதான் இருக்கு. நான்தான் எடுத்துட்டு வந்தேன்."

அன்றே குன்வோர் ஒரு கம்பளியை ஜன்னலில் வைத்து ஆணியடித்தாள்.

"என்ன, உன் ஜன்னல் இருட்டா கெடக்கு? யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று ஒட்வார் விசாரித்தார்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல," என்றாள்.

அது பொய். தீரில் நாள் முழுக்கக் கம்பளிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். விளக்கைப் போட்டாலும் பார்ப்பதில்லை. கிடைத்திருந்த அந்த ஒற்றை வார்த்தையும் போய்விட்டது. பேய்க்குப் பயந்து பெற்ற பிள்ளையின் வாயை அடைத்துவிட்டோமே என்று குன்வோருக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. கம்பளியைப் பிடுங்கி எறிந்தாள்.

வெளியே கறுப்பாகத் தண்ணீர், அதற்கப்பால் அந்த வீடு. சுவிட்சில் விரலை வைத்து, "விளக்கு..." என்றாள். அதற்குமேல் முடியவில்லை. விரல் வெடவெடவென்று நடுங்கியது.

தீரில் நடுங்கும் விரலைப் பார்த்தாள். பிறகு கையை, தோளை, மெல்ல மெல்ல முகத்தை.

"பயமா?" என்றாள்.

அவள் கேட்ட முதல் கேள்வி அது. "ஆமாடி. ரொம்பப் பயமா இருக்கு."

தீரில் தன் கையை அம்மாவின் கைமேல் வைத்தாள்.

"நான் போடுறேன்."

சுவிட்ச் சொடுக்கியது. அக்கரையில் ஏதோ எரிந்திருக்க வேண்டும், ஓரக்கண்ணில் ஜன்னல் கண்ணாடி வெளியிலிருந்து வெளிச்சமாயிற்று. குன்வோர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மகளும் திரும்பவில்லை, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.