இறகு இறால்

எனக்கு மஞ்சள் காமாலை வந்து தேறிய வருடம்தான் மாமா கப்பல் வேலையை விட்டு வந்தார். அம்மாவின் தம்பி. ஒரு தகரப் பெட்டியோடும், துணி உறை போட்ட நீளமான ஏதோவொன்றோடும் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி, வண்டிக்குக் காத்திராமல் நடந்தே எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். உறைக்குள் இருப்பது துப்பாக்கி என்று ஊரில் பேச்சு. கொஞ்ச நாள் எங்கள் வீட்டுக்கு மரியாதை கூடியிருந்தது. பிறகு அவர் அதைப் பிரித்தார். உள்ளே இருந்தது தூண்டில்.

துண்டு துண்டாக இருந்த கம்பை ஒன்றில் ஒன்று செருகினால் இரண்டு ஆள் உயரத்துக்கு நீளும். அடியில் நூல் சுற்றும் சக்கரம். இரை என்று எதுவும் கிடையாது. ஒரு சிகரெட் டின்னுக்குள் முட்கள் இருந்தன. ஆரஞ்சு நிற இறகைச் சுற்றி, வால் பக்கம் மீசையாக நீட்டி விட்டு, நடுவில் சிவப்பு நூலும் ஜரிகையும் கட்டி, ஒவ்வொரு முள்ளையும் இறாலாக்கியிருந்தார்கள். நனைத்தால் மீசை அசையும். முதல்முறை பார்த்தபோது பயந்து கையை இழுத்துக்கொண்டேன்.

ஸ்காட்லாந்தில் அவருடைய கப்பல் பழுதாகி நெடுநாள் நின்றிருந்ததாம். அங்கே சால்மன் என்றொரு மீன். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வருமாம்.

"ஆத்துக்குள்ள பூந்துட்டா அது ஒண்ணும் துன்னாது," என்றார் மாமா.

"துன்னாத மீனு இறாலை ஏன் மாமா கடிக்குது?"

"அது யாருக்கும் தெர்ல. கோவமோ, கடல்ல துன்ன ஞாபகமோ, இன்னாவோ."

உப்பும் எண்ணெயும் இல்லாத கஞ்சியைத் துப்பிக்கொண்டிருந்த எனக்கு, தின்னாத அந்த மீன் மேல் பாசம் வந்துவிட்டது.

பேச வேறு ஆளும் இல்லை. என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள். ஒட்டிக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை அவர்கள் அம்மாக்கள் எங்கள் வாசல் பக்கமே விடவில்லை. அப்பாவுக்கு மெட்ராஸ் மில்லில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். மாமாவுக்கும் அதே கதிதான். டீக்கடையில் முதலில் ஃபாரின் வாட்ச் உண்டா, ரேடியோ உண்டா என்று சூழ்ந்துகொண்டவர்கள், இல்லை என்றதும் தங்கள் பேச்சுக்குத் திரும்பிவிட்டார்கள். ஆக, தினமும் சாயங்காலம் நாங்கள் இருவரும் ஏரிக்குப் போனோம். அவர் முழங்கால் தண்ணீரில் நின்று வீசுவார். நூல் தலைக்கு மேலே பின்னால் போய், வளைந்து, முன்னால் பறந்து, சத்தமில்லாமல் தண்ணீரில் படுக்கும். நான் கரையில் உட்கார்ந்திருப்பேன். மணிக்கணக்கில் ஒரு வார்த்தை இருக்காது. ஒரு மீனும் வராது.

"இன்னாபா, ஏரிக்கு வேர்க்குதுன்னு விசிறி வுடுறியா?" என்று மாடு குளிப்பாட்டுகிறவர்கள் கேட்பார்கள். மாமா சிரித்துக்கொள்வார். எனக்குத்தான் அழுகை வரும். ஒரு மீனாவது கிடைத்துவிட வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன்.

மழை விட்ட ஒரு சாயங்காலம், வீசிய கம்பை என் கையில் கொடுத்துவிட்டுப் பீடி பற்றவைக்கக் கரையேறினார். அவர் தீக்குச்சியைக் கிழித்திருக்கமாட்டார், கம்பு வில்லாக வளைந்தது. நான் சக்கரத்தை இறுக்கிப் பிடித்தேன். அதன் கைப்பிடி விரல்களைப் பதம் பார்த்தது. சேற்றில் சறுக்கி, இடுப்பளவுத் தண்ணீருக்குப் போய்விட்டேன்.

மாமா கத்திக்கொண்டே ஓடி வந்தார். "மோரக்! மோரக்! வுடு, நூலை வுடு! மோரக்!"

நூலை விடு என்பதற்கு இங்கிலீஷில் மோரக் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கையை விட்டேன். சக்கரம் கிர்ரென்று சுற்றியது. மாமா என்னை ஒரு கையால் தூக்கிக் கரையில் நிறுத்திவிட்டு, மறுகையால் கம்பை வாங்கினார். மீன் ஓடி ஓடிக் களைத்தது. என் கை நீளத்துக்கு ஒரு விரால். மாட்டுக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். அவர்கள் வாயடைத்து நின்றதை நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் தண்ணீரில் ஓரிடம் சிவப்பாகக் கொதித்தது. விரால் குஞ்சுகள். தாயைத் தேடிக் கூட்டமாக மேலே வந்து புரண்டுகொண்டிருந்தன. மாமா அதையே பார்த்தார். பிறகு முள்ளைக் கழற்றி, மீனை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்தார். அது வாலை உதறிக்கொண்டு போய்விட்டது.

"அடப்பாவி, கைல வந்ததை வுட்டுட்டியே!" என்றார் ஒருவர். மறுபடி சிரிப்பு.

வீட்டில் அம்மாவும் விடவில்லை. "கொயம்புக்கு ஆவுமேன்னு தோணலியாடா உனக்கு?"

"குஞ்சுங்க கீதுக்கா," என்றார் மாமா.

பெரிய சண்டையை எதிர்பார்த்திருந்தேன். அம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

நான் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். வாழ்நாளில் நான் பிடித்த ஒரே மீன் அது. தவக்காலம் தொடங்கும் முன்பே மாமா மறுபடி கப்பலுக்குக் கிளம்பிவிட்டார். பிறகு பம்பாயில் காய்ச்சலில் இறந்துபோனார் என்று தகவல்தான் வந்தது. ஏரியில் அவர் கத்திய வார்த்தை மட்டும் எங்கள் தெருவில் தங்கிவிட்டது. உடம்பு தேறிப் பிள்ளைகளோடு சேர்ந்தபோது, காற்றாடி விடுகையில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்: "மோரக்! மோரக்!" என்றால் நூலை விடு. கிணற்றுக் கயிற்றுக்கும் அதையே சொன்னோம்.

பல வருஷம் கழித்து ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு ஸ்காட்லாந்திலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். சாப்பாட்டு மேஜையில், உங்கள் ஊர் வார்த்தை ஒன்று எனக்குத் தெரியும் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். அது வார்த்தை இல்லை, எங்கள் பக்கம் பெண் குழந்தைகளுக்கு வைக்கிற பெயர் என்றார்.

அன்று இரவு அம்மாவிடம் கேட்டேன். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா, அவனுக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சு. ஆத்தாக்காரி குடுக்கமாட்டேன்னுட்டா. அங்கியே வுட்டுட்டு வந்துட்டான். உன் வயசுதான் இருக்கும்."

ஏரியில் அந்த விராலை விட்ட பிறகு, மாட்டுக்காரர்களெல்லாம் போன பின்னும் மாமா கரையேறவில்லை. எனக்கு முதுகைக் காட்டியபடி தண்ணீரிலேயே நின்றிருந்தார். தோள்கள் குலுங்கின. மீன் போன வருத்தம் இப்போதுதான் உறைக்கிறது போலிருக்கிறது, நன்றாக அழட்டும் என்று நினைத்துக்கொண்டு, ஈரப் பாவாடையைப் பிழிந்துவிட்டு, நான் மட்டும் வீட்டுக்கு நடந்தேன்.