கத்திரி வெயிலில் சூடு கேட்டவர்

கடலூரில் ஒரு ஏசி கடையில்தான் அவரைப் பார்த்தேன். கத்திரி வெயில் கொளுத்திய நேரம். சிதம்பரத்தில் இருந்த என் ஆபீசுக்கு ஜன்னல் ஏசி போதுமா, ஸ்ப்ளிட் ஏசியே வாங்கிவிடலாமா என்று முடிவெடுக்க முடியாமல், ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொரு ஏசிக்கும் முன்னால் போய் முகத்தை நீட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மா, உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்தபடி நின்றிருந்தார். குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நர்சாம். பிரசவ அறைக்கு ஏசி பார்க்க வந்திருந்தார்.

“ஜன்னல் ஏசி வேணாம் தம்பி. அது போடுற சத்தத்துல புள்ள அழுவுறது காதுல விழாது. ஸ்ப்ளிட்டே குடுங்க. ஆனா அதுல சூடும் வரணும்” என்றார் கடைக்காரரிடம்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். “நம்ம ஊருக்குக் கூலிங்கே பத்தல சிஸ்டர். சூடு யாருக்கு?”

நானும்தான் சிரித்தேன்.

அந்த அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. “டாக்டருக்கு வேர்க்குது, பெத்தவளுக்கும் வேர்க்குது. அவுங்களுக்குக் கூலிங் போட்டுக்கறேன். வயித்துக்குள்ளேருந்து வர்ற புள்ளைக்கு எந்த ஊரும் குளுருதான் தம்பி.”

கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்த மாடலைச் சென்னையிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்.

கிளம்பும்போது, கண்ணாடிக் கதவைத் தொடுவதற்கு முன் அந்த அம்மா மறுபடியும் கைகளைத் தேய்த்துக்கொண்டார். சில்லென்ற கையால் எதையும் தொட்டுப் பழகாதவர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை பேரை இந்த உலகம் முதன்முதலாகத் தொட்டது அந்தக் கைகளால்!