வீங்கிய கையில் கண்ணாடிக் காப்பு

யுத்த காலத்தில் வவுணதீவிலிருந்து மட்டக்களப்புக்குப் போவதென்றால் இராணுவச் சோதனைச் சாவடியான சென்றியில் இறங்கி, கைகளை உயர்த்திச் சோதனை கொடுக்க வேண்டும். ஒருநாள் என் மனைவிக்கு இடது கை மேலே எழவில்லை. தோள்வரை வீங்கி, நிறம் மாறியிருந்தது. அந்தத் தோளுக்குக் கீழேதான் இதயத்தைத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் வைத்திருந்தார்கள்.

மட்டக்களப்பில் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பேஸ்மேக்கரின் வயர் பழுதாகிவிட்டது, புதிது போட வேண்டும் என்றார் அங்கிருந்த தமிழ் டொக்டர். ஆனால் வயர் போகிற இரத்தக்குழாய் அடைத்திருந்தது, வீக்கமும் அதனால்தான். கையில் மருந்து ஏற்றிப் படம் பிடித்தால்தான் புது வயருக்கு வழி உண்டா என்று தெரியும். சுணங்கினால் இதயம் நின்றுவிடலாம்.

கண்ணாடிக் காப்புகள் அந்தக் கையில் புதைந்து கிடந்தன. படம் பிடிக்க முதல் அவற்றை உடைக்க வேண்டும் என்றார் நேர்ஸ். புருஷன் செத்தால்தான் எங்கள் பெண்களுக்குக் காப்பு உடைப்பார்கள். மனைவி கையை இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்டும் ஆகாது புள்ள" என்றேன்.

"ஒவ்வொரு நாளும் சென்றியால போய் வாற ஆள் நீங்க, எப்ப புடிச்சிட்டுப் போவாங்களெண்டு தெரியாது. அத எப்பிடிச் சொல்லுவீங்க?"

நான் டொக்டரைப் பார்த்தேன்.

"கையை உயர்த்தி வைங்க, வீக்கம் கொஞ்சம் வத்தும். பின்னேரமும் கழராட்டி உடைக்கத்தான் வேணும்" என்றார் டொக்டர்.

அவள் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆட்கள் முன்னால் நான் அவளைத் தொட்டதே இல்லை. வார்டு நிறையப் பெண்கள். அடுத்த கட்டில் காத்தான்குடி அக்கா விடவில்லை.

"தம்பி, நிலத்தப் பார்த்து நிண்டா காப்பு கழருமா? உங்கட பொஞ்சாதிட கைதானே, நல்லாப் புடிங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்து, "சென்றியில தூக்கினது காணாதெண்டு இஞ்சயும் தூக்க வெச்சிட்டாங்க" என்றாள்.

பின்னேரம் சவர்க்காரம் பூசி ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கடைசிக் காப்பு பெருவிரல் முட்டில் இறுகி நின்றது. அவள் பல்லைக் கடித்தாள். முழுசாகவே வந்தது.

படத்தில், அடைப்புக்கு நடுவே நூல்போல ஒரு வழி தெரிந்தது. அதனூடாக மெல்லிய கம்பியை விட்டு, சின்னப் பலூனால் அகட்டி, புது வயரைப் போட்டார்கள்.

வீக்கம் வற்றிய பிறகு ஊர் திரும்பினோம். சென்றி தெரிந்ததும், பஸ்ஸுக்குள் கையை என் மடியில் வைத்தாள்.

"நீங்க இறங்க முன்னம் போட்டு விடுங்க."

பஸ் நிறைய ஆட்கள். தலை நிமிராமல் சட்டைப் பையிலிருந்து காப்புகளை எடுத்துப் போட்டுவிட்டேன். எல்லாம் லேசாகவே ஏறின.