உம்மாவின் பரீட்சை

எங்கள் வீட்டில் பரீட்சைக்குத் தயாராகிப் போனது நான் அல்ல, உம்மா. வருஷத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பியூன் போன் செய்வார். டாக்டருக்குப் படிக்கிறவர்களைச் சோதிக்க நிஜ நோயாளிகள் வேண்டும், அதுவும் எளிதில் பார்க்கக் கிடைக்காத நோயாக இருந்தால் விசேஷம். உம்மாவுக்கு இருந்தது அப்படிப்பட்ட நோய். பிறக்கும்போதே இதயத்துக்குள் ஓர் ஓட்டை. அதைச் சின்ன வயதில் யாரும் கவனிக்காமல் விட்டதில் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுகிப்போய், நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலந்து ஓடின. உதடு எப்போதும் நாவல்பழம் தின்றது போல இருக்கும். விரல் நுனிகள் உருண்டு நீலம் பாரித்திருக்கும். தாராவியில் எங்கள் அறைக்கு இரும்பு ஏணி ஏறித்தான் போக வேண்டும். உம்மா பாதியில் உட்கார்ந்துகொண்டு, சந்தில் போகிறவர்களை நலம் விசாரிக்கிற சாக்கில் மூச்சு வாங்கிக்கொள்வாள்.

ஆனால் பரீட்சை நாளில் அவளைப் பார்க்க வேண்டும். பெட்டியிலிருந்து புது புர்கா வெளியே வரும். "நோயக் காட்டப் போறதுக்கு இம்புட்டு சிங்காரமா?" என்று வாப்பா தோல் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டே கேட்பார். உம்மா காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். தன் நோயின் இங்கிலீஷ் பெயரை அவள் தடுமாறாமல் சொல்வாள். அதைச் சொல்லி முடிக்கவே அவளுக்கு மூன்று மூச்சு வேண்டும்.

எனக்கு ஒன்பது வயதானபோது முதல் தடவையாக என்னையும் கூட்டிப்போனாள். பள்ளிக்கூடம் விடுமுறை, என்னைப் பார்த்துக்கொள்கிற மாமி, வாப்பாவின் அக்கா, தாணேயில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அந்த வயதில் நான் எதையும் நம்பாத பிள்ளை. ஊசி போட மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் அன்றைக்கு ஊசி நிச்சயம் என்று எடுத்துக்கொள்வேன்.

நீளமான வார்டில் கட்டிலுக்கு ஒரு நோயாளியாகப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் செம்பூரில் சலூன் வைத்திருப்பவர். அவருக்கு இதயம் வலப்பக்கம். "நேத்து ஒருத்தன் இடப்பக்கமே அரை மணி நேரம் தேடிட்டிருந்தாம்மா" என்று உம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். உம்மாவுக்கும் ஒரு சட்டம் இருந்தது. ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் வைத்துச் சூடுபடுத்திவிட்டுத் தொடுகிற மாணவருக்கு, நோயின் பெயரை மெல்லச் சொல்லிவிடுவாள். கேட்காமல் கையைப் பிடித்து விரலை விரிக்கிறவருக்கு ஒரு வார்த்தை கிடையாது. எத்தனை பேருடைய பட்டம் உம்மாவின் வாயில் இருந்தது என்று யாருக்குத் தெரியும்.

எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, அந்தக் கேள்வி வரும்வரை. ஒரு மாணவன் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டான். உம்மா ஒன்று என்று சொல்லி என்னைக் காட்டினாள். அவன் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "ஆப்கீ அப்னீ பச்சி?" உங்கள் சொந்தப் பிள்ளையா என்று திரும்பக் கேட்டான். அடுத்து வந்தவளும் அதையே கேட்டாள். சோதிக்க வந்த பெரிய டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். படித்தவர்கள் மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சந்தேகப்பட்டால் அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்ததும் உம்மாவின் விரல் பக்கத்தில் என் விரலை வைத்துப் பார்த்தேன். அவளுடையது உருண்டை, நீலம். என்னுடையது தட்டை, சிவப்பு. ஒரு ஜாடையும் இல்லை. அன்று மாலை கல்யாணத்திலிருந்து திரும்பிய மாமியிடம், நான் எங்கே பிறந்தேன் என்று கேட்டேன். மாமி பூவைப் பிரித்துக்கொண்டே, "ஒன்னயத் தவிட்டுக்குல்லா வாங்குனோம். அதான் இப்படி எல்லாத்தையும் சலிச்சிச் சலிச்சிப் பாக்கே" என்றாள்.

அதற்கு முன்பும் பலமுறை மாமி அப்படிச் சொல்லி நான் சிரித்திருக்கிறேன். இந்த முறை சிரிப்பு வரவில்லை. பக்ரீதுக்கு வாப்பா தேவ்நாரில் ஆடு வாங்கி வரும்போது கூடவே ஒரு மூட்டை தவிடும் வரும். ஆக, எங்கள் வீட்டில் தவிடு இருந்ததுண்டு. வியாபாரம் நடந்திருக்கலாம். அந்த இரவு உம்மா நெற்றியைத் தடவியபோது நான் தூங்குவதுபோலப் பாவனை செய்தேன். வேறு யாரோ தொடுவது போலிருந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு படுத்திருந்தேன்.

மறுநாளும் பரீட்சை. மாமி வீட்டில் இருந்தும் நான் அடம்பிடித்து உம்மாவோடு போனேன். உம்மாவிடம் வந்த மாணவி ஸ்டெதஸ்கோப்பைச் சூடுபடுத்தினாள், புர்காவை விலக்குவதற்கு முன் திரையை இழுத்துவிட்டாள். உம்மாவுக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. பெயரைச் சொன்னாள், எந்த இடத்தில் எந்தச் சத்தம் கேட்கும் என்றும் சொன்னாள், என்னைப் பெற்ற கதையையும் சொல்லியிருக்க வேண்டும். சற்று நேரத்தில் சோதிக்கிற டாக்டர் வந்தார், நரைத்த தலையுடன் ஓர் அம்மா. மாணவி வாசித்ததைக் கேட்டுக்கொண்டே வந்தவர், பிள்ளை என்ற இடத்தில் நிறுத்தினார். என் பக்கம் திரும்பி, "யே தும்ஹாரீ மா ஹை?" என்றார். இவள் உன் அம்மாவா என்று.

இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். இல்லை என்று இந்தியில் சொன்னேன். என்னை விலைக்கு வாங்கினார்கள் என்றும் சொன்னேன்.

டாக்டரம்மா அதை எதிர்பார்த்தவர்போலத் தலையை ஆட்டினார். இந்த நோயோடு பிள்ளை பெற்றுப் பிழைப்பது எவ்வளவு அரிது என்று தெரியாதா, நோயாளி சொல்வதையெல்லாம் அப்படியே எழுதிவிடுவதா என்று மாணவியைக் கேட்டார். அந்தப் பெண் எழுதியதை அடிக்கப் பேனாவை எடுத்தாள்.

சோதிக்கிற டாக்டர்கள் முன்னால் உம்மா, அவர்கள் கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்வாள். அன்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "மேரீச் ஹை, மேடம்" என்றாள். என்னுடையவள்தான் என்று அந்த இரண்டு சொல்லைச் சொன்னதற்கே இளைத்தது. காத்திருந்து, மூச்சு வந்த பிறகு, "என் பழைய ஃபைலைப் பாருங்க" என்று இந்தியில் சொன்னாள். திரையை இழுக்கச் சொல்லி டாக்டரம்மாவை மட்டும் உள்ளே அழைத்தாள்.

வெளியே வந்தவர் ஃபைலைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு மஞ்சள் காகிதத்தில் நின்றார். அடியில் இருந்த கையெழுத்து தமிழில் இருந்தது. அங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லாததால் என்னை அழைத்து, வாசிக்கச் சொன்னார். நான் உம்மாவின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தேன். டாக்டரம்மா காகிதத்தை மூடிவிட்டு, தன் கையாலேயே உம்மாவின் தலையணையைச் சரிசெய்தார். மாணவியிடம், நீ எழுதியது சரி என்றார்.

டாக்சியில் வரும்போது உம்மா திட்டுவாள் என்று ஜன்னல் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். அவள் என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். "வயித்தக் கீறி எடுத்த பிள்ளளா நீ. அந்தத் தழும்பத்தான் காட்டினேன்" என்றாள். எனக்கு உயிர் வந்தது. இருந்தாலும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. அந்த மஞ்சள் காகிதத்தில் என்னத்துக்குக் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டேன்.

"டாக்டர்மாரு ஒரு மருந்து குடுத்தாவ. வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன்."

அந்த ஃபைல் இப்போது என்னிடம் இருக்கிறது. உம்மா இல்லை, எனக்குப் பதினைந்து வயதாகும்வரை பரீட்சைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கையெழுத்துக்கு மேலே இங்கிலீஷில் இரண்டு வரி உண்டு. இந்தக் கர்ப்பம் நீடித்தால் தாயின் உயிருக்கு ஆபத்து என்று விளக்கிச் சொல்லப்பட்டது. கருவைக் கலைக்க நோயாளி சம்மதிக்கவில்லை.

ஒன்பது வயதில் எனக்கு அது தெரியாது. கொடுத்த மருந்தைக் குடிக்காமல்தான் இவள் இப்படி இளைத்துப்போய் நீலமாகிக் கிடக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மடியிலிருந்து எழுந்து உட்கார்ந்து, "குடிச்சிருந்தா ஒனக்கு சொகமா இருந்திருக்கும்லா?" என்று கேட்டேன்.

உம்மா கொஞ்சம் யோசித்து, "இருந்திருக்கும்" என்றாள்.

அந்த மருந்தை அவள் குடித்திருக்கத்தான் வேண்டும் என்று, வீடு வந்து சேரும்வரை நான் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.