நடுவில் ஆள் வேண்டாம்

எவாரிஸ்தோ கின்யோனெஸுக்குக் கோர்ட்டில் டவாலி வேலை. கறுப்புக் கோட்டு, தோளில் சிவப்புப் பட்டை, தொண்டையில் ஒரு வெண்கல மணி. அவர் தாழ்வாரத்தில் நின்று ஒரு பேரைக் கூப்பிட்டால், துறைமுகத்தில் மீன் இறக்குகிறவனும் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்ப்பான். எங்கள் புவெர்த்தோ அல்மாதாவில் அந்தக் குரல் தெரியாதவர் கிடையாது. அவர் தன் பேரையே கூப்பிட்டுக்கொண்ட கூத்தும் எங்களுக்குத் தெரியும்.

அவருக்கே ஒரு வழக்கு இருந்தது. அவர் கொல்லைக்கும் பக்கத்து வீட்டு ஒப்துலியா மினாவின் கொல்லைக்கும் நடுவே ஒரு துண்டு நிலம். நாலு வாழை வைக்கலாம், இல்லையென்றால் ஓர் அறை கட்டலாம், அவ்வளவுதான். எவாரிஸ்தோவுக்கு அறை வேண்டும். மனைவி போய்ச் சேர்ந்தபின் தனியாக இருந்தவரிடம், மகள் யமிலே புருஷனோடு ஒத்துப்போகாமல் இரண்டு பிள்ளைகளோடு வந்து சேர்ந்தாள். வயிற்றில் மூன்றாவது. கூடத்தில் ஒரே மெத்தையில் தாயும் பிள்ளைகளும் நெருக்கியடித்துப் படுத்துக் கிடந்தார்கள். ஒப்துலியாவுக்கோ, மகன் வில்மருக்கு அந்த இடத்தில் ஒரு கோழி வறுவல் கடை வைத்துக் கொடுத்தால்தான் அடுப்பு எரியும். புருஷன் இல்லாத வீடு. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் சிக்கலே.

வழக்கு நாளில் எவாரிஸ்தோ வாசலில் நின்று, "எவாரிஸ்தோ கின்யோனெஸ்! ஒப்துலியா மினா!" என்று மூன்று தரம் கத்துவார். கத்தி முடித்ததும் பட்டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வந்துட்டேங்க" என்று தானே உள்ளே போய் நிற்பார். வக்கீல்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நீதிபதி ஸெனாய்தா அம்மா மட்டும் சிரிக்க மாட்டார். கண்ணாடியைத் துடைப்பார், தலைவலி மாத்திரை ஒன்றை விழுங்குவார், வாய்தா கொடுப்பார். சர்வேயர் வரவில்லை, வாய்தா. மழை, வாய்தா. நீதிபதியின் நாத்தனாருக்குக் கல்யாணம், அதற்கும் ஒரு வாய்தா. என்னைக் கேட்டால், அந்த அம்மாவை ஒரு ராத்திரியாவது யமிலேயின் மெத்தையில் படுக்க வைத்திருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் ரேடியோக்காரர் ஜனாதிபதி தேர்தலுக்கு நின்றார். கால்பந்து வர்ணனை செய்து நாடு முழுக்கப் பேர் வாங்கிய மனுஷர். ஒரு கோல் விழுந்தால் மூச்சு விடாமல் அவர் கத்துவதைக் கேட்டு வளர்ந்த ஜனங்கள் நாங்கள். "உங்களுக்கும் எனக்கும் நடுவுல யாரும் வேணாம்! நடுவுல நிக்கிறவன்தான் அத்தனையும் தின்னான்!" என்று அவர் ஊர் ஊராகப் போய் முழங்கினார்.

ஒருநாள் சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒப்துலியா வம்புக்கு இழுத்தாள்.

"என்னய்யா எவாரிஸ்தோ, அந்த ரேடியோக்காரன் கோர்ட்டுக்கே வேட்டு வைக்கிறேங்கிறான். உன் பொழைப்புல மண்ணு. அவனுக்கா உன் ஓட்டு?"

"அந்தம்மா மாத்திரை முழுங்குறதைத் தினம் தினம் பாக்கிறவன் நான். வேற யாருக்குப் போடுவேன்? சரி, நீ யாருக்கு?"

"அவருக்குத்தான். உன்னோட மல்லுக்கட்டியே என் தலை நரைச்சுப் போச்சே!"

அத்தனை வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

ரேடியோக்காரர் ஜெயித்தார். பதவியேற்ற சூட்டோடு சூடாக மாகாணக் கோர்ட்டுகளைச் 'சீரமைப்புக்காக' மூடினார். நீதிபதிகளை வீட்டுக்கு அனுப்பினார். எவாரிஸ்தோவுக்குப் பாதிச் சம்பளம். பூட்டிய கட்டடத்துக்குக் காவல். வேறு ஒருவராக இருந்தால் இடிந்து போயிருப்பார். இவருக்கோ ஒரே குறுகுறுப்பு. இந்த மனுஷர் நீதிபதி இல்லாமல் எப்படித்தான் வழக்கு முடிப்பார்? கல்லை மாலையாக மாற்றுகிறேன் என்கிற வித்தைக்காரனைச் சுற்றி நிற்கிற கூட்டத்தில் முதல் வரிசை அவருக்கு வேண்டும். "என்னதான் பண்றார்னு பாத்துருவோமே" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பார்க்கவும் கிடைத்தது. ஜனாதிபதி சனிக்கிழமைதோறும் ஓர் ஊரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குறை கேட்டு, அங்கேயே முடிவு சொல்ல ஆரம்பித்தார். டிவியில் நேரடி ஒளிபரப்பு. எங்கள் ஊர் முறை வந்தபோது எவாரிஸ்தோ விடியுமுன்பே கால்பந்து மைதானத்தில் போய் நின்றுவிட்டார்.

வரிசை நகர நகர அவர் கண்கொட்டாமல் பார்த்தார். ஒரு கிழவருக்குப் பென்ஷன். "குடுங்கப்பா!" ஒரு பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் இடம். "இப்பவே!" ஒவ்வொரு "இப்பவே"க்கும் கூட்டம் கோல் விழுந்த மாதிரி எழும்பியது. அவர் உடம்பும் சிலிர்த்தது. ஆனாலும் மனசில் ஒரு சின்ன உறுத்தல். கோர்ட்டில் இரண்டு பேரைக் கூப்பிட்டால்தான் வழக்கே நடக்கும். ஒற்றைப் பேரைக் கூப்பிட்டு வழக்கு நடந்து அவர் பார்த்ததில்லை. இங்கே ஒவ்வொருவராகத்தான் கூப்பிடுகிறார்கள். மற்ற ஆள் எங்கே? யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் பேர் வந்துவிட்டது, உறுத்தலும் பறந்துவிட்டது. கூப்பிட்டது அவர் பேராயிற்றே!

ஜனாதிபதி அவர் தோளில் கை போட்டார். அத்தர் வாசனை கமகமத்தது. "சொல்லுங்கண்ணே, என்ன குறை?"

"ஒரு துண்டு நிலங்க. மகளுக்கு ஒரு ரூம் கட்டணும். கோர்ட்டுல இழுத்துக்கிட்டே கெடக்குங்க."

"நிலம் யாருது?"

"என்னுதுங்க."

"அப்புறம் என்ன கேள்வி? உங்களுதுன்னா உங்களுதுதான்! போய்க் கட்டுங்க. எவன் தடுக்கிறான்னு பாக்கிறேன்!"

மைதானமே அதிர்ந்தது. எவாரிஸ்தோ சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், டிவியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் கண் கலங்கியது.

திங்கட்கிழமையே செங்கல் வந்து இறங்கியது. சுவர் இடுப்பளவு எழுந்தது. "ஜன்னல் கடல் பக்கம் இருக்கட்டும்ப்பா" என்று யமிலே சொல்ல, கொத்தனார் அதற்கும் இடம் விட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒப்துலியா மூச்சு விடவில்லை. அவள் வாயடைத்துப் போனாள் என்றுதான் எவாரிஸ்தோ நினைத்தார். அவளோ அடுத்த சனிக்கிழமை சாந்தா ரூஃபினா என்கிற ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

திரும்பி வந்தவள் நேரே கொல்லைக்கு வந்து போனை நீட்டினாள். அதே நாற்காலி. தோளில் அதே கை. 'உங்களுதுன்னா உங்களுதுதாங்க்கா! போய்க் கடையைப் போடுங்க. எவன் தடுக்கிறான்னு பாக்கிறேன்!'

எவாரிஸ்தோ அதை மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். கோபம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஆச்சரியம்தான். "ஏம்மா, என் பேச்சை எடுத்தியா அங்க?"

"அவர் கேக்கலை, நான் சொல்லலை. உன்னைக் கேட்டப்ப நீ என் பேச்சை எடுத்தியா?"

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். சார்ஜென்ட் இரண்டு வீடியோவையும் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஜனாதிபதி வார்த்தைக்கு நான் குறுக்கே பேசவா? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குப்பா. மேல கேட்டுச் சொல்றேன், போங்க." ஜனாதிபதி மாளிகை நம்பருக்குப் போன் போட்டால் ஒரு பழைய கோல் வர்ணனை ஓடியது. அது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடியது.

அந்த வாரம் வில்மர் கடப்பாரையோடு வந்து சுவரில் ஒரு பக்கத்தைச் சரித்தான். எவாரிஸ்தோ வாழை வெட்டுகிற கத்தியோடு பாய்ந்தார். அந்த வயசில் அவருக்கு அத்தனை வேகம் எங்கிருந்து வந்ததோ! நிறைமாதக்காரி யமிலே ஓடிவந்து நடுவில் நின்றாள். கடப்பாரையும் கத்தியும் அப்படியே நின்றன. ஒப்துலியா மகனை ஓர் அறை விட்டு இழுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை அவளே வேலியோரம் வந்தாள். "யோவ், இது நல்லதுக்கில்ல. வா, அந்தம்மா வீட்டுக்குப் போவோம்."

நீதிபதி ஸெனாய்தா அம்மா சமையலறையில் மரவள்ளிக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்ததும், "என்ன, வாய்தா கேக்க வந்தீங்களா?" என்றார். அந்த அம்மாவுக்குக் கிண்டலும் வரும் என்று எவாரிஸ்தோவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"எழுதித் தர வேணாம்மா," என்றார். "மனசுல என்ன முடிவு வச்சிருந்தீங்க? அதை மட்டும் சொல்லிடுங்க."

"முடிவு பண்ணித்தான் வச்சிருந்தேன். அடுத்த வாரம் படிக்கிறதா இருந்தது, அதுக்குள்ள பூட்டிட்டாங்க." கத்தியைக் கீழே வைத்தார். "சொல்றேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொல்லுங்க. தோத்தவங்க ஏத்துக்குவீங்களா?"

கோர்ட்டில் தோற்றவர்கள் எத்தனையோ பேரை எவாரிஸ்தோ பார்த்திருக்கிறார். நீதிபதியைச் சபிப்பார்கள், அழுவார்கள், மேல்கோர்ட்டுக்குப் போவேன் என்று சத்தியம் செய்வார்கள். கடைசியில் படியிறங்கிப் போய்விடுவார்கள். ஏன் போனார்கள் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது, அந்த அடுப்புப் புகையில், தன்னையே கேட்டுக்கொண்டார். நிலம் ஒப்துலியாவுக்கு என்று இந்த அம்மா சொன்னால், நான் போய்ச் செங்கலைப் பிரிப்பேனா? ஜனாதிபதி என் தோளில் கை போட்டு, நிலம் உன்னுது என்று சொன்ன பிறகா? கிழங்கு சீவுகிற ஒரு பொம்பளை சொல்லி?

மாட்டார். அது அவருக்கே தெரிந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் மாட்டார். பக்கத்தில் பார்த்தார். ஒப்துலியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் போனை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

நீதிபதி இருவரையும் பார்த்துவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தார். "அப்ப நான் எதைச் சொன்னாலும் தீர்ப்பு ஆகாது. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

காப்பியைக் குடித்துவிட்டு ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். பக்கத்துப் பக்கத்து சீட்டு.

வாசலிலேயே காத்திருந்த யமிலே இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "என்னப்பா ஆச்சு? யாரு ஜெயிச்சது?"

"ரெண்டு பேரும்தான்," என்றார் எவாரிஸ்தோ. உள்ளே போய்த் தன் கட்டிலைப் பிடித்துக் கூடத்துக்கு இழுக்க ஆரம்பித்தார். "இந்தா, பிள்ளைகளோட மெத்தையை என் ரூமுக்கு எடுத்துட்டுப் போ. இனிமே அது உன் ரூம்."