கொலோன் முதல் கோப்ளென்ஸ் வரை: நான் ஏறிய முதல் படகு

1960 ஜூலை, சனிக்கிழமை. காலை 7.10. ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் படகுத்துறை. கப்பல் வெள்ளை நிறம், இரண்டு தளம், இரு பக்கமும் ஆள் உயரத்தைவிடப் பெரிய துடுப்புச் சக்கரம். ஏறுவதற்குப் பலகைப் பாலம். அந்தப் பாலத்தின் நடுவில் என் கால் நின்றுவிட்டது.

காரணம் உண்டு. சாயல்குடிக்குத் தெற்கே மாரியூரில் என் அய்யாவுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருக்கிறது. எங்கள் பெண்கள் மீன் பிரிப்பார்கள், விற்பார்கள், கருவாடு காயப்போடுவார்கள். வள்ளத்தில் மட்டும் கால் வைப்பதில்லை. வைத்தால் மீன் படாது என்பார்கள். எக்ஸ்ரே தொழில் பயிற்சிக்கு இந்த நாட்டுக்கு நான் வந்ததும் விமானத்தில்தான். இருபத்து நான்கு வயதில் இதுவே என் முதல் படகு.

பின்னால் வந்த அண்ணன் முனியசாமி என் முதுகில் தட்டினான்.

"ஏறுத்தா. இங்கன யாரும் மீன் பிடிக்கப் போகல."

அவன் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலையாள். கப்பல் ராட்டர்டாமில் நிற்பதால் மூன்று நாள் விடுப்பு கிடைத்தது. இரண்டு நாள் ஆற்றுப் பயணத்துக்கு ஆளுக்கு 23 மார்க், நம் பணத்தில் சுமார் 26 ரூபாய். என் கைப்பையில் அய்யாவின் கடிதம் இருந்தது. முனியசாமி ஊர் திரும்பி வள்ளத்தைப் பார்த்துக்கொள்வானா, இல்லை விற்றுவிடுவதா என்று கேட்டு எழுதச் சொல்லியிருந்தார். ஏர்வாடியிலிருந்து ஒருவர் வந்து விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார்.

10.40. பான் நகரம். கரையில் கிலோமீட்டருக்கு ஒரு எண் பலகை. கொலோனில் 688, இங்கே 655. நீரோட்டத்தை எதிர்த்துப் போவதால் எண் குறைந்துகொண்டே வருகிறது. எங்கள் பக்கம் ஆறு என்றால் பெரும்பாலும் மணல். சாலைக்குப்போல ஆற்றுக்கும் மைல்கல் நடுவார்கள் என்று நான் நினைத்ததில்லை.

பகல் 1.15. ஜல்லி ஏற்றிய நீளப் படகு ஒன்று எதிரே வந்தது. அதன் பின்பக்கம் ஒரு முழு வீடு: ஜன்னல் திரை, பூந்தொட்டி, கொடியில் துணி. இடுப்பில் கயிறு கட்டிய குழந்தை தளத்தில் விளையாடியது. புருஷன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். சுக்கானைப் பிடித்திருந்தவள் பெண்டாட்டி.

அந்தப் படகு வளைவில் மறையும்வரை அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றான். கடிதத்தை அப்போது கொடுத்தேன். படித்தான். எஞ்சின் பழகிவிட்டது, இனிப் பாயையும் காற்றையும் நம்பிப் பிழைக்க முடியாது, விற்கச் சொல்லி நீயே எழுதிவிடு என்றான்.

"வரமாட்டேன்னு சொல்றது நீ, எழுதுறது நானா?" என்றேன்.

மாலை 5.50. கோப்ளென்ஸ், பலகை எண் 592. இரவு இங்கே தங்கல். கப்பலில் வாங்கிய அஞ்சலட்டையை அரை மணி நேரம் எழுதி, விலாசத்தைச் சரிபார்க்க என்னிடம் நீட்டினான். எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"அய்யாவுக்கு. நான் வரவில்லை. வள்ளத்தை விற்றுவிடவும். தங்கச்சி பங்குனியில் ஊருக்கு வருகிறாள். அதற்கு முன் விற்க வேண்டாம். ஒருநாள் அவளைக் கடலுக்குள் ஏற்றிப் போய் வந்து, பிறகு கிரயம் பண்ணவும்."

அய்யா சம்மதிப்பாரா என்று கேட்டேன்.

"மீன் படாட்டி அவருக்கென்ன? விக்கப்போற வள்ளம்தான?" என்றான்.

விலாசம் சரியாக இருந்தது. கரை இறங்கியதும் கண்ணில் பட்ட முதல் தபால் பெட்டியில் நானே போட்டேன்.