புளியங்கொட்டையில அளந்த வசதி

எங்க தெருவுல ஏழைங்கன்னு யாரும் கிடையாது. பெங்களூர்ல, லிங்கராஜபுரத்துல சர்ச்சுக்குப் பின்பக்கம் இருக்கிற சந்து அது. ஒரு ஆட்டோ உள்ள வந்தா எதிர்ல வர்றவங்க சுவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கணும், அவ்ளோதான் அகலம். ஆனா ஏழைங்க கிடையாது. யாரைக் கேட்டாலும் "இந்த மாசம் கொஞ்சம் டைட்"னு சொல்வாங்க. வருஷம் பூரா இந்த மாசம்தான்.

அதனால எங்களை அளக்க வந்தவங்க எல்லாம் திண்டாடிட்டுதான் போனாங்க. மாச வருமானம் எவ்ளோன்னு கேட்டு ஒருத்தர் வந்தார். என் வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்கிறவர். பண்டிகை வந்தா ரெண்டு கை பத்தாது, மழை வந்தா ரெண்டு கையும் சும்மா. இதுல எந்த மாசத்தைச் சொல்றது? வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினேன். அடுத்து வந்தவர் வருமானமே கேக்கல, வீட்ல ஃபிரிட்ஜ் இருக்கான்னு எட்டிப் பார்த்தார். இருந்துச்சு. அது கெட்டுப்போய் அதுக்குள்ள நாங்க துணி மடிச்சு வெச்சிருந்தோம். கதவைத் திறந்து பாக்கணும்னு அவருக்குத் தோணல.

போன வருஷம் ஒரு தொண்டு நிறுவனத்துல இருந்து ஒரு பொண்ணு வந்தா. நல்ல பொண்ணு. கன்னடம் கலந்த தமிழ்ல சிரிச்சுச் சிரிச்சுப் பேசினா. "வருமானமும் கேக்கமாட்டோம், சாமானும் எண்ணமாட்டோம். யார் வீடு எப்படின்னு தெருவுல இருக்கிறவங்களுக்குத்தானே தெரியும்? நீங்களே சொல்லுங்க"ன்னா. கஷ்டப்படுற வீடுன்னு தெரு எதைச் சொல்லுதோ, அந்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு அவங்களே காலேஜ் ஃபீஸ் கட்டிடுவாங்களாம்.

எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. அப்போ வீட்டுக்காரர் சாரத்துல இருந்து விழுந்து, முட்டி போய் வீட்டோட உக்காந்திருந்தார். மகளுக்கு நர்சிங் சீட் கிடைச்சிருந்துச்சு. அடுத்த வாரத்துக்குள்ள ஃபீஸ் கட்டலேன்னா சீட்டை வேற யாருக்காவது கொடுத்துடுவாங்க. கடன் கேக்காத ஆள் பாக்கி இல்ல.

சர்ச் ஹால்ல கூட்டம் வெச்சாங்க, வீட்டுக்கு ஒரு பொம்பளை. அந்தப் பொண்ணு தரையில சாக்பீஸால மூணு வட்டம் போட்டா. நல்லா இருக்கிற வீடு, ஏதோ ஓடுற வீடு, கஷ்டப்படுற வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புளியங்கொட்டை. தன் வீட்டுக் கொட்டையைத் தானே வைக்கக்கூடாது, மத்தவங்கதான் சொல்லி வைக்கணும். அதுதான் விதி.

பாவம், அவளுக்கு எங்களைத் தெரியாது. குழாயடியில நாங்க முடியைப் பிடிச்சுச் சண்டை போடுவோம், அது வேற விஷயம். வெளி ஆள் முன்னாடி அடுத்த வீட்டுக்காரியோட இல்லாமையைப் போட்டு உடைக்கிற வேலை மட்டும் எங்ககிட்ட நடக்காது. அது அவ மானம். அவ மானம் போனா நாளைக்கு நம்ம மானமும் போகும்.

முதல் வீடு, மழை பெஞ்சா உள்ள குடை பிடிக்கணும். "நல்ல காத்தோட்டமான வீடு மேடம்"னு ஒருத்தி எழுந்து கொட்டையை நல்லா இருக்கிற வட்டத்துல வெச்சா. அடுத்தது எங்க பக்கத்து வீட்டக்கா. என் வாய் சும்மா இருந்துச்சா? "அக்காவுக்கென்ன, நகையெல்லாம் பேங்க்லதான் இருக்கு"ன்னு நான்தான் சொன்னேன். பொய் இல்லியே, அடகுல இருக்கு. அக்கா என்னைப் பார்த்த பார்வையில அப்படி ஒரு நன்றி.

அந்த நன்றிதான் என்னைக் கவுத்துச்சு. என் வீட்டுக் கொட்டையை எடுத்ததும் அக்கா முந்திக்கிட்டு எழுந்துட்டாங்க. "இவங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போயே மாசக்கணக்கா ஆச்சு மேடம். உக்காந்தே சாப்பிடுறார். அவ்ளோ வசதி." எல்லாரும் தலையாட்டினாங்க. என் கொட்டை நல்லா இருக்கிற வட்டத்துக்குள்ள போய் உக்காந்துச்சு.

எனக்கு உச்சி வரைக்கும் கோவம் ஏறிச்சு. ஆனா யார் மேல கோவப்படுறது? எழுந்து நின்னு, "நாங்க ஏழைங்க மேடம்"னு சொன்னேன். கல்யாணமாகி வந்ததுல இருந்து அந்த வார்த்தையை நான் சொன்னதில்ல. ஹால்ல சிரிப்பு. இவளுக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி மேடம்னு ஒருத்தி சமாளிச்சா. அந்தப் பொண்ணு சங்கடத்தோட, "வேற யாராவது சொல்லணும்மா"ன்னா.

நான் பக்கத்து வீட்டக்காவைப் பார்த்து, "சொல்லுங்கக்கா. பொண்ணோட சீட் போயிடும்"னேன்.

அக்கா கொஞ்ச நேரம் முந்தானையை முறுக்கிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் எழுந்து வந்து என் கொட்டையை எடுத்துக் கஷ்டப்படுற வட்டத்துல வெச்சாங்க. "ஆமா மேடம். இவங்ககிட்ட ஒண்ணும் இல்ல. நேத்து அரிசிகூட எங்க வீட்ல இருந்துதான் போச்சு." நான் கேட்டதுதான் கிடைச்சுது. ஆனா உடம்பெல்லாம் கூசிப்போச்சு. "உங்க வீட்டை மாத்தணுமாம்மா?"ன்னு அந்தப் பொண்ணு கேட்டா. "எங்களுக்கென்ன"ன்னு அக்கா போய் உக்காந்துட்டாங்க.

அக்காவோட சின்ன மகளும் என் மகளும் ஒரே வகுப்புல படிச்சவங்க. அவளுக்கும் அதே காலேஜ்ல சீட் கிடைச்சிருந்துச்சு, அதே தேதிக்குள்ள கட்டணும். திரும்பி வர்ற வழியில அக்கா கையைப் பிடிச்சு நிறுத்தினேன். "கண்ணைக் காட்டியிருந்தா உங்களுக்கு நான் சொல்லியிருப்பேனே, ஏன்க்கா விட்டீங்க?"

"பெரியவளைப் பொண்ணு பாக்க ஞாயித்துக்கெழமை வராங்க. மாப்பிள்ளையோட சித்தி நம்ம தெருதான். அங்கதான் உக்காந்திருந்தாங்க, நீ பாக்கலையா? அவங்க கண்ணு முன்னாடி என்னை அந்த வட்டத்துல வெப்பியா நீ?" அப்படின்னுட்டு கையை விடுவிச்சுக்கிட்டு நடந்தாங்க. "சின்னவ ஒரு வருஷம் நிக்கட்டும். என்ன இப்போ."

தொண்டு நிறுவனத்துல சொன்னபடி என் மகளுக்கு ஃபீஸ் கட்டிட்டாங்க. பெரியவ கல்யாணமும் நல்லபடியா முடிஞ்சுது. ஒரு வருஷம்னது இன்னும் முடியல. தினம் காலையில என் மகளும் அக்காவோட சின்னவளும் ஒண்ணாத்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போறாங்க. கஷ்டப்படுற வீட்டுப் பொண்ணு வெள்ளை யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு காலேஜுக்குப் போறா. நல்லா இருக்கிற வீட்டுப் பொண்ணு சூப்பர் மார்க்கெட்ல பில் போடப் போறா.